காப்பியை விட்ட இரண்டு வருஷம்

லேக் மார்க்கெட்டில் எங்கள் கடைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் வந்து முகத்தில் மோதுவது காப்பி வாசனை. அப்பளம், நல்லெண்ணெய், இட்லி அரிசி, புளி, வற்றல் என்று அடுக்கி வைத்திருந்தாலும், கொட்டை அரைக்கிற மெஷின்தான் கடைக்கு அடையாளம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. நான் கல்கத்தாவிலேயே பிறந்து, அந்தக் கல்லாவிலேயே உட்கார்ந்து கிழவனானவன். இப்போது அறுபத்தெட்டு வயது. அப்படிப்பட்ட நான் இரண்டு வருஷம் காப்பியைத் தொடாமல் இருந்தேன். என்ன கட்டுப்பாடு, என்ன வைராக்கியம் என்று மார்க்கெட்டே மெச்சியது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தொல்லை ஒன்றுக்குப் போவதில் ஆரம்பித்தது. கடையில் கழிப்பறை கிடையாது. மீன் கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் இருக்கிற பொதுக் கழிப்பறைக்குத்தான் ஓட வேண்டும். பாதி எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே முட்டிக்கொண்டு வரும். பருப்பைத் தராசில் விட்டுவிட்டு ஓடுவேன். அங்கே போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும், நிற்கும், மறுபடி வரும். திரும்பி வந்து வாடிக்கையாளரைப் பார்த்து, அவர் என்னவோ தப்புச் செய்தது மாதிரி எரிந்து விழுவேன். சும்மாவே நான் சிடுமூஞ்சி. அந்த வருஷம் என்னிடம் சாமான் வாங்க வந்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

என் மனைவிதான் ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இந்த ஊரில் பேட்டைக்குப் பேட்டை ஒரு ஹோமியோபதி டாக்டர் உண்டு. குடும்பம் குடும்பமாக அவரை நம்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் இருந்த வீசிங் இவர் மருந்தில்தான் நின்றது என்பது என் மனைவியின் தீர்மானம். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குப்பிகள். என்னைவிட நாலைந்து வயது மூத்த, ஒல்லியான வங்காளி. தாகம் எப்படி, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், இடி இடித்தால் பயமா என்று ஒரு மணி நேரம் கேட்டார். வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பத்தியம் சொன்னார். பச்சை வெங்காயம் கூடாது, கற்பூரம் கூடாது, காப்பி கூடவே கூடாது. காப்பி மருந்தின் வேகத்தைக் கெடுத்துவிடுமாம். என் மனைவி உடனே, இவர் நாள் முழுக்கக் காப்பி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே, வாசனை பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தார். முடிந்தவரை தள்ளி இருக்கட்டும் என்றார். மறுநாளே மெஷினை வாசல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கல்லாவை உள்ளே இழுத்துப் போட்டேன்.

இரண்டாவது தடவை போனபோது நான் மட்டும்தான் போயிருந்தேன். அவர் மருந்தோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். புராஸ்டேட் சுரப்பியின் கோளாறைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. "உங்கள் வயதில் இதைப் பார்த்தே ஆக வேண்டும் தாதா. ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் ஒரு யூராலஜி டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். என் மருந்து மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்று வங்காளியில் நிதானமாகச் சொன்னார். வயதில் மூத்தவர் என்றாலும் மரியாதைக்கு என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்தேன். அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், என் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவோடு கடையில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கும் இதே மாதிரி ஆரம்பித்து, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று விதைகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். அவர் கடைக்குத் திரும்பி வந்த அன்று, "சித்தப்பாவோட எடைக்கல் ரெண்டையும் ஆஸ்பத்திரியில வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் ஒருவன் சொன்னான். மார்க்கெட்டே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். ஒரு வாரம் பொறுத்து, கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அப்படிச் சொன்னவன் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருந்தது. விளையாட்டுப் புத்தி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

அதனால் பொய் சொன்னேன். அடுத்த தடவை போனபோது டாக்டர் கேட்டார். ரத்தம் கொடுத்துவிட்டேன், நார்மல், ரிப்போர்ட் வீட்டில் மனைவியிடம் இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன், பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் என்றேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வருஷம் கழித்து அவர் மறுபடி பரிசோதனை செய்யச் சொன்னார். மறுபடியும் அதே இரண்டு பொய், அதே வரிசையில்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்று அவர் குழம்பினார். பழைய தடித்த புத்தகங்களைப் புரட்டினார். கள்ளத்தனமாகக் காப்பி குடிக்கிறாரா என்று என் மனைவி கண்காணித்தாள். நான் குடிக்கவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுகிறேன், ஒரு வாய் குடிக்கவில்லை. கடைசியில் மெஷினைத் துணி போட்டு மூடி, அரைக்கிற நேரத்தில் நான் தெருவில் போய் நிற்பது என்று ஏற்பாடாயிற்று. ஒரு ஊசிக் குத்துக்குப் பயந்தவன் காப்பியை ஜெயித்துவிட்டதாக மார் தட்டிக்கொண்டு தெருவில் நின்றேன்.

பிறகு முதுகு வலி. மூட்டை தூக்கியதால் என்று நினைத்தேன். இடுப்பு வலி வந்தது, கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதால் என்றேன். ஒரு நாள் காலை கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஜாதவ்பூரில் இருக்கும் மகள் வந்தாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளி சரளம்; கோபம் வந்தால் வங்காளி மட்டும்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. நான்கு இலக்கத்தில் இருந்தது. துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று கண்ட இடத்திலெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு. புராஸ்டேட்டில் பிறந்த புற்றுநோய் எலும்பில் குடியேறிவிட்டது.

புற்றுநோய் டாக்டர் என் மகள் வயதுப் பெண். என்னை மேஷோமஷாய் என்று கூப்பிட்டாள். பெரியப்பா மாதிரி, மரியாதையான வார்த்தை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படிக்கட்டு வரைந்தாள். "முழுதாகக் குணமாக்குவது இனி முடியாது. கட்டுக்குள் வைத்திருக்கலாம். சிலருக்கு வருஷக்கணக்கில்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். முதல் படி, ஆண் ஹார்மோனை நிறுத்துவது. அதைத் தின்றுதான் இந்த நோய் வளர்கிறதாம். அதற்கு இரண்டு வழி. சின்ன ஆபரேஷனாக விதைகளை எடுத்துவிடலாம், ஒரே தடவையில் முடிந்தது. இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ஆயுசுக்கும். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான் என்றாள்.

"ஊசி" என்றேன், அவள் பேசி முடிப்பதற்குள்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள். கூடவே வெறும் வயிற்றில் தினமும் நான்கு மாத்திரை. எலும்புக்குத் தனி மருந்து, அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். எண் மறுபடி ஏறினால் அடுத்த படி, கீமோ. அதுவும் கேட்காவிட்டால், வேறு ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பொருந்தினால் கதிரியக்க மருந்து. வலி ஒரே இடத்தில் இருந்தால் அங்கே மட்டும் ரேடியேஷன். "ஒவ்வொரு படியும் கொஞ்ச காலம் தாங்கும். எவ்வளவு காலம் என்று ஆளுக்கு ஆள் மாறும்." கடைசிப் படிக்கு அப்புறம் என்ன என்று கேட்டேன். "வலி இல்லாமல் பார்த்துக்கொள்வது. அதுவும் வைத்தியம்தான்" என்றாள்.

மகள் பில் கவுண்ட்டருக்குப் போன நேரத்தில், இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினாள்.

"அப்போது எப்படி இருந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சுரப்பிக்குள்ளேயே இருந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம். இருந்திருக்க வாய்ப்பு அதிகம்தான், மேஷோமஷாய். இதைக் கேட்டு இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

அந்த வாரமே ஒரு சாயங்காலம் என் மனைவி பின்சந்துக்குப் போயிருக்கிறாள். நான் வீட்டில் படுத்திருந்தேன். மார்க்கெட்டில் பூ விற்கிறவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறை நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, பாதி வங்காளியும் பாதித் தமிழுமாகக் கத்தியிருக்கிறாள். "ரிப்போர்ட்டை ரெண்டு தடவை உம்ம கையில குடுத்தாரே, அதைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னீரே. சீனி உருண்டையக் குடுத்தே எம் புருசனைக் கொன்னுட்டீரே." அவர் எழுந்து நின்றாராம். கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாராம்.

எந்த ரிப்போர்ட் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் மார்க்கெட் முழுக்கப் பரவியது. அவரிடம் போகிறவர்கள் குறைந்தார்கள். சாயங்கால வேளையில் அறையைப் பூட்டிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டில் எதிரே வந்தார். "சாப்பாடு இறங்குகிறதா தாதா?" என்றார். "டாக்தார்பாபு, அந்த ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தேன். "உடம்பைப் பாருங்கள்" என்று என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். நடுத்தெருவில் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டிருப்பேன்.

வீட்டில் அதைவிடக் கொடுமை. இனி எனக்குப் பத்தியம் இல்லை என்று ஆனதும் என் மனைவி தினமும் காலையில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தான் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து காப்பி குடித்து வளர்ந்தவள். ஏன் என்று கேட்டதற்கு, "நாந்தான உங்கள அங்க கூட்டிட்டுப் போனேன். நீங்க ரெண்டு வருசம் குடிக்காம இருந்தியள்ளா. நானும் இருக்கேன்" என்றாள். தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. எண் மளமளவென்று இறங்கியது, வலி விட்டது, கடைக்குப் போனேன். ஆனால் ஜனவரிக் குளிரில் எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நிற்க, நான் மட்டும் உள்ளே தீ வைத்தது போல் வேர்த்துக் கொட்டி விசிறிக்கொண்டிருப்பேன். மார்பு கனத்து வலித்தது. டி.வி.யில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுதேன். ஊசி வேண்டும் என்று முந்திக்கொண்டு கேட்டு வாங்கியவன், ஒரு வருஷத்தில் அச்சாகச் சித்தப்பா மாதிரி ஆகிவிட்டேன். யாராவது எடைக்கல் பேச்சை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் மெதுவான குரலில், நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினார்கள்.

ஒன்றரை வருஷத்தில் எண் மறுபடி ஏறியது. டாக்டர் பழைய தாளை எடுத்து இரண்டாவது படியைத் தொட்டுக் காட்டினாள். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, ஆறு தடவை. முதல் தடவையிலேயே ருசி போய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு முடி கொட்டியது, வாயெல்லாம் புண், விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ராத்திரி பகல் எந்நேரமும் அந்தப் படிக்கட்டுதான் கண் முன்னால். மேலே போகப் போகப் படிகள் குறைந்துகொண்டே வந்தன. செத்துப்போவதைவிட வேறொன்றுதான் என்னைத் தின்றது. நான் இதைச் சொல்லாமல் போய்விட்டால், இவள் சாகிறவரை அந்த மனிதரைச் சபித்துக்கொண்டும் தன்னையே தண்டித்துக்கொண்டும் இருப்பாள். அவரும் சொல்ல மாட்டார். உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் உலகத்தில் கிடையாது.

மூன்றாவது கீமோவுக்கு முந்தின நாள் கடைக்குப் போய்க் கல்லாவின் அடிப் பேப்பரைத் தூக்கினேன். சீட்டு அங்கேயே இருந்தது, கொஞ்சம் மஞ்சளாக. மறுநாள் காலை அவள் அடுப்படியில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். சீட்டை மேடைமேல் வைத்தேன்.

"இன்னைக்கு நீயும் குடி" என்றேன்.

"எனக்கு வேண்டாம். இது என்ன சீட்டு?"

"ஹோமியோபதி டாக்டர் எழுதிக் குடுத்த டெஸ்ட். நான் போகவே இல்ல."

அவள் அதை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்த வங்காளியை இவளும் கூடவே உட்கார்ந்து படித்தவள். அவர் கையெழுத்தும் நன்றாகத் தெரியும்.

"ரிப்போர்ட்டை அவருட்ட குடுத்தேன்னு சொன்னியள்ளா."

"பொய்."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும் பொய்தான். வேற டாக்டரையும் பாருங்கன்னு அவரே சொன்னாரு. நாந்தான் கேக்கல."

அவள் அடுப்பை அணைத்தாள். பால் பாத்திரத்தை மூடினாள். சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பமே போயிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆஸ்பத்திரி டாக்டரம்மாட்ட கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அதற்கும் ஒரு பொய் வாயில் தயாராகத்தான் இருந்தது. டாக்டரே உறுதியாகத் தெரியாது என்றுதானே சொன்னாள். அந்தப் பாதியை மட்டும் சொன்னால் போதும்.

"குணமாயிருக்க வாய்ப்பு அதிகம்னாங்க."

அவள் அழவில்லை. சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "டாக்சி வந்திருக்கும். கெளம்புங்க" என்றாள்.

பின்சந்து முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். என்னைப் பின்சீட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போனாள். சந்து நேர்க்கோடாக இருக்கும். வண்டியிலிருந்தே அறை வாசல் தெரிந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான் பெஞ்சில் காத்திருந்தார். என் மனைவி மேஜை முன்னால் போய் நின்றாள். சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்து, அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தூக்கும்போது அவள் தலைக்கு மேலாக வண்டியைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் முன்கதவைத் திறந்தாள். டிரைவர் தன் துண்டையும் சாப்பாட்டுப் பையையும் அவசரமாக எடுத்து இடம் விட்டார். நாற்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஏறிய எந்த வண்டியிலும் அவள் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். நரை இவ்வளவு ஏறியிருந்தது எனக்குத் தெரியாது.

கீமோ கொடுக்கிற அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். நர்ஸ் என் வலது கையில் நரம்பைத் தேடித் தட்டினாள். மூன்று வாரத்துக்கு முன்னாலும், அதற்கு முன்னாலும், ஊசி ஏறுகிற நேரத்தில் இடது கையை என் மனைவி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். பழக்கத்தில் அந்தக் கையை நாற்காலிப் பிடியில் விரித்து வைத்தேன்.

"கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்" என்று கதவோரத்திலிருந்து வங்காளியில் பதில் வந்தது. என் மனைவி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நர்ஸ் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டேன், ஜுரம் இருந்ததா, வாய்ப்புண் எப்படி இருக்கிறது. அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றாள் நர்ஸ். என் மனைவி மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடது கையை மூடாமல் அப்படியே வைத்திருந்தேன்.